என் மாமனாரும் நாக்கடி மாத்திரையும்

அன்பு மாமா,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பாத்தியில் மறுபடி உப்பு வாருகிறோம். நான் இப்போது மூட்டை தூக்குவதில்லை, பாத்திக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் மோட்டார் போடுகிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. உங்கள் மகள் என்னை 'ஆபீசர்' என்கிறாள், கிண்டலாகத்தான்.

மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, இடுப்பு வலிக்கு நான் போட ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் என்னை விடவில்லையே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வைத்தியத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது மாமா. எனக்கு மொட்டை போட்டீர்கள். வேப்பிலைச் சாறு புகட்டினீர்கள். கடைசியில் பின்கட்டு அறையில் தள்ளிப் பூட்டினீர்கள். உடம்பு முறுக்கி, வாந்தியும் பேதியுமாக நான் கத்திய கத்தலில் நீங்களே பூட்டைத் திறந்து, என்னைவிடச் சத்தமாக அழுதீர்கள்.

மறுநாள் வண்டியில் உட்காரவைத்து, வழியெல்லாம் திட்டிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள். வியர்த்து, கை நடுங்க உட்கார்ந்திருந்த உங்களைப் பார்த்துத்தான் டாக்டரம்மா முதலில் கேட்டார்: "எத்தனை நாளா மாத்திரை போடுறீங்க, பெரியவரே?"

வார்டில் தங்கி மெல்ல நிறுத்தலாம். இல்லையென்றால், நாக்குக்கு அடியில் கரையவிடும் மாத்திரையைத் தினமும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். எதுவானாலும் கவுன்சிலிங் வர வேண்டும் என்றார். நீங்கள் எகிறினீர்கள்.

"மாத்திரைய வுடறதுக்கு மாத்திரையா? இன்னாம்மா இது, சாராயத்த வுட்டுட்டு பிராந்தி குடின்ற மாதிரி இருக்குதே!"

"நீங்க சுகருக்கு மாத்திரை போடுறீங்களா?"

"டெய்லி போடறேம்மா."

"அதுக்காக உங்கள யாராவது ரூம்ல பூட்டினாங்களா?"

நீங்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். மாத்திரை கரையும்வரை நான் பேசக் கூடாது என்று அவர் சொன்னதும்தான் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டா குடுங்கம்மா, வூட்ல நிம்மதியா இருப்போம்!"

மாரடைப்பில் நீங்கள் போன அன்று காலையிலும், அழுத முகத்தோடு உங்கள் மகள் மறக்காமல் மாத்திரையை நீட்டினாள். அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். "பாவம், மாப்ள வாயடைச்சுப் போயிட்டாரு" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவளுக்கு அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் மூடிக்கொண்டாள். மாத்திரை கரைந்து வெகு நேரமாகியும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு எந்த டாக்டரிடம் காட்டுவது மாமா?

"இன்னும் நிறுத்தலியா?" என்று ஊரில் கேட்கிறார்கள். டாக்டரம்மா சொல்லும்போது குறைப்பேன், அவசரமில்லை. பக்கத்துப் பாத்தி சேகரும் என்னைப்போலவே வலி மாத்திரையை விட முடியாமல் தவிக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், முறைத்தான். நாளைக்கும் போய்க் கூப்பிடுவேன். அவன் வருகிறவரை கூப்பிடுவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

பெற்ற பிள்ளையைப் போல் உங்களிடம் திட்டு வாங்கிய மருமகன்,
ஏழுமலை