நீ வறுத்த பொடி

ஜாம் போத்தலின் மூடி துருவேறி இறுகியிருந்தது. துணியைச் சுற்றித் திருகித்தான் திறந்தேன். உள்ளே வெள்ளைப் பொடி. வெளியே உன் கையெழுத்து: அலுமினியம் ஒட்சைட்டு. நீ இறந்த செய்தி வந்து இருபது நாளாகிறது. இன்றுவரை இதைத் தொட்டுப் பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லையடி.

பாடசாலைக் கண்காட்சிக்கு நாம் சேர்ந்து செய்தோமே, எதனோல் ஆவியைச் சூடான பொடிமேல் விட்டு எதீன் வாயு எடுப்பது. 'சேர்ந்து' என்பது என் வாய்க்கொழுப்பு. படிகாரத்தைக் கரைத்து, அமோனியா விட்டு, கூழாய் இறங்கியதை அலசிக் காயவைத்து, உங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்பில் மூன்று நாள் வறுத்தது நீ. "பொடி முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க டீ. எதனோல் அதுல ஒட்டித்தான் தண்ணியைக் கழட்டிவிட்டுட்டு எதீனாப் போகும். பொடி அப்படியே இருக்கும்" என்றாய். ஓட்டையில் ஈரம் நின்றால் ஒட்ட இடமிருக்காது என்றுதான் அத்தனை வறுவல்.

நானோ இரத்தினபுரிக்காரி. அப்பாவுக்குக் கல் பட்டை தீட்டும் பட்டறை. நீலக்கல்லும் அதே அலுமினியம் ஒட்சைட்டுத்தானே என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம். வாயு வந்ததும் "இது நம்ம ஊர் நீலக்கல்" என்று எல்லோர் முன்னும் பீற்றிக்கொள்ள ஆசை. அன்று காலை உனக்குச் சொல்லாமல் குழாயில் இருந்த உன் பொடியை நீ கொண்டுவந்த ஜாம் போத்தலிலேயே கொட்டி ஒளித்துவிட்டு, உடைந்த கல்லை இடித்த தூளை நிரப்பினேன். இடித்தால் அதுவும் வெளுப்புத்தான், உனக்குத் தெரியவில்லை. இறுகிய கல்லில் ஓட்டை ஏது? நாலு காற்றுக் குமிழி வந்ததோடு சரி. எதீன் பட்டால் வெளுக்க வேண்டிய புரோமீன் நீரின் நிறம் மாறவே இல்லை.

"லயத்து அடுப்புல வறுத்தா இப்படித்தான்" என்றார் ஆசிரியர், எல்லோர் முன்னும். நீ தலைகுனிந்து, சரியாக வறுக்கவில்லை போல என்று மன்னிப்புக் கேட்டாய். நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த தவணை நீ கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாய். இரசாயனம் உனக்கு ஒத்துவராது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய்.

பல வருடம் கழித்து கொடகவெல பஸ் நிலையத்தில் பார்த்தோம். நான் இரசாயன ஆசிரியை ஆகியிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே, "அந்தப் பொடியை இன்னும் ஒரு நாள் வறுத்திருக்கணும் டீ" என்றாய். அன்றாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது என்று ஏறிப் போய்விட்டேன். அது என் பஸ்ஸே இல்லை. என்ன பிறவி நான்!

இன்று வகுப்பில் உன் பொடியை மறுபடி சூடாக்கி ஈரம் போக்கி, குழாயில் இட்டு ஆவியை விட்டேன். குமிழிகள் நிற்காமல் வந்தன. புரோமீன் நீர் வெளுத்து வெறும் தண்ணீர் போலானது. இது யார் செய்த பொடி மிஸ் என்று பிள்ளைகள் கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். நான் செய்ததையும் சொன்னேன்.

நீ நன்றாகத்தான் வறுத்திருந்தாய். இதைக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான். ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நிற்கிறேன்.