தத்தையைத் தீண்டற்க: ஆழிமுனைத் துறைக்கு விடுத்த விரைவோலை

வானம் பொய்யாது பொழிக, வயல் விளைக, கடல் போன கலங்கள் கரை சேர்க.

வெள்ளிலை நாட்டின் மலைகளுக்கும் கடல்களுக்கும் உரியவராய், மாகலூர் அரியணையில் வீற்றிருக்கும் பேரரசி தழைநங்கையார் திருவுள்ளப்படி, ஒலிமாடத்து அமைச்சர் வெண்ணாகனார், ஆழிமுனைத் துறையின் தலைவரும் கடற்காவலர் என்னும் பட்டம் பூண்டவருமான கடம்பனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையும் குடியும் நலம் பெறுக. இதனை நின்றபடியே படித்தருள்க. அமர்ந்து படிக்கப் பொழுதில்லை.

படைத்தலைவர் எயினனாரின் குதிரைவீரர் இவ்வோலைக்கு முன்பே ஆழிமுனை நோக்கிப் புறப்பட்டுவிட்டனர். தங்கள் ஊர்ப்பெண் தத்தையைப் பிடித்து, பகைவர்க்குக் குறி கொடுத்தவள் என்று அவள் உதட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைக்கும்படியான ஆணை அவர்கள் கையில் உள்ளது. அவ்வாணை இன்று செல்லாது. செல்லாது என்பதை அவர்கள் அறியார்.

நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும்.

மாகலூர்க் குன்றின் ஒலிமாடத்தில் வாசிப்பது செப்புக்குழல்களின் வழியே ஊர்தோறும் கேட்கும் என்பது தாங்கள் அறிந்ததே. அம்மாடத்தின் பெயரால் பேரரசியார் ஆண்டுதோறும் சில இளங்கலைஞரைத் தேர்ந்தெடுத்து, உணவும் உறையுளும் தந்து, நாடு முழுதும் கேட்க வாசிக்க வைக்கிறார். முன்பு பண்ணிசை கற்றவர்க்கு மட்டுமே இருந்த இவ்வாதரவு, துறைமுகத்துப் பாணிக்கும் இவ்வாண்டு திறந்துவிடப்பட்டது. எழுதி வைக்காமல், முன்பே எண்ணி வைக்காமல், அந்தக் கணத்தில் தோன்றியதை ஊதும் அப்பாணியில் வல்லவள் என்று தத்தையும் அவள் வளைகொம்பும் மாடம் ஏறினர். யாழ் வாசிக்கும் நம்பன் என்னும் இளைஞன் அவளுக்கு இணையாக அமர்த்தப்பட்டான்.

அறுவடை விழாவின் மாலையில் இருவரும் வாசித்தனர். நம்பன் ஒரு பண்ணை விரிக்க, தத்தை அதற்கு மறுமொழி போலக் கொம்பை உயர்த்தி ஊதினாள். கீழைக்கோட்டையில் அதைக் கேட்ட காவலர், பகை வந்தது என்று எச்சரிக்கும் ஊதல் எனக் கொண்டனர். கதவுகள் அடைபட்டன. வெளியே சந்தையில் நின்ற மக்கள் அலறியடித்து ஆற்றுக்கு ஓடினர். தாங்கமாட்டாத கூட்டம் ஏறிய படகு கவிழ்ந்தது. அதில் எயினனாரின் மகளும் இருந்தாள். எல்லோரும் உயிரோடு கரையேற்றப்பட்டனர் எனினும், மகளை நீரிலிருந்து தூக்கிய தந்தையின் கோபத்தை யாராலும் ஆற்ற முடியவில்லை.

மறுநாள் தத்தையை அவர் முன் நிறுத்தினர். பகைவருக்குக் குறி சொல்லவில்லையெனில், ஊதியதை அப்படியே மீண்டும் ஊதிக்காட்டுக என்றார் எயினனார். அவள் கொம்பை எடுத்தாள், ஊதினாள், அது வேறாக இருந்தது. மீண்டும் ஊதினாள், அதுவும் வேறு. அடுப்பில் இரும்பு சிவந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதன்பின் கொம்பிலிருந்து காற்று மட்டுமே வந்தது. அவள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறோம்: “அதே மாதிரி எப்படிங்கய்யா ஊதுவேன்? ஊதுனது அப்பவே போயிருச்சே! மறைக்கலங்கய்யா, எனக்கே தெரியாது!”

மறைக்கிறாள் என்றே எயினனார் கொண்டார். அன்று மாலை உப்பு வண்டிகளுக்குள் ஒளிந்து அவள் தப்பினாள். குற்றமற்றவள் ஓடுவாளா என்று அவையில் கேட்டவர் பலர். அவ்வளவு அருகில் நெருப்பைக் கண்டவள் வேறென்ன செய்வாள் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை, இவ்வமைச்சருக்கும் இல்லை.

துணிந்தவன் நம்பன். அவளுக்கு உடந்தை என்று தன்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். எனினும் ஒலிமாடத்தில் கூடிய அவையில் பேரரசியார் முன் வந்து நின்றான். ஊர்கள் மீண்டும் பதறாதிருக்கச் செப்புக்குழல்களை அடைத்துவிட்டு யாழை மீட்டினான். ஒருமுறை கேட்டது எதையும் மறவாத பயிற்சியுடையவன் ஆதலால், அவள் நுழைந்த இடம் வந்ததும் அவள் ஊதியதை வாயால் பாடினான். முதலில் எழுந்தது கோட்டை ஊதலைப் போலவே இருந்தது. எயினனார் எழுந்து நின்றுவிட்டார். நம்பன் நிறுத்தவில்லை. அந்த ஓசை வளைந்து, தயங்கி, கீழே இறங்கி, அவன் யாழ் தொடங்கிய பண்ணிலேயே வந்து அமர்ந்தது.

கோட்டைக் காவலரின் தலைவன் அழைக்கப்பட்டான். இந்தப் பின்பகுதி கேட்டதா என்று பேரரசியார் வினவினார். அவன் தலைகவிழ்ந்து சொன்னான்: “கேக்கலீங்க தாயே. முதல்ல வந்தது காதுல விழுந்ததும் பதறி ஓடிட்டோம்.”

எயினனார் தம் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். வீரர்களைத் திருப்பியழைக்கத் தாமே ஆள் விட்டார். ஆனால் அவர்கள் வெகுதூரம் போயிருந்தனர். செப்புக்குழல் வழியே சொன்னாலும் முத்திரை காணாமல் அவர்கள் பணியார். ஆகவேதான், ஊர்தோறும் குதிரை மாற்றி விரையும் தூதனிடம் தர, எழுத்தருக்குக் காத்திராமல் அமைச்சரே எழுத்தாணி பிடித்தார். எழுத்துக் கோணியிருப்பின் பொறுத்தருள்க.

ஆணையாவது: தத்தை குற்றமற்றவள். அவளைத் தீண்டுபவர் யாராயினும் அரியணையைத் தீண்டியவராவர். கோட்டைகளில் இனி ஊதலோடு தீப்பந்தமும் எழுந்தால் மட்டுமே கதவு அடைக்கப்படும். ஒலிமாடத்தில் அவள் இடம் அவளுக்கே உரியது. விரும்பினால் வருக, அஞ்சினால் இருக்க. அவளைக் கட்டாயப்படுத்துதல் கூடாது. குதிரைவீரர் இம்முத்திரையைக் கண்டு பணிந்து திரும்புக.

இது பேரரசியார் திருவாணை. தழையும் அலையும் பொறித்த அரக்கு முத்திரை இட்டோம்.

*

மேற்படி ஓலையின் மறுபக்கத்தில் ஆழிமுனைக் கடம்பனார் எழுதித் திருப்பியது:

ஒலிமாடத்து அமைச்சர் திருமுன். ஓலை வந்தபோது வீரர்கள் எம் முற்றத்தில் நின்றார்கள், வலைக்குவியலுக்கு அடியிலிருந்து தத்தையை இழுத்திருந்தார்கள், அடுப்பு மூட்டியாயிற்று. முத்திரையைக் கண்டதும் அவர்கள் தலைவன் இரும்பை மணலில் போட்டான்.

தத்தை நம்பவில்லை. ஓலையை இருமுறை படித்துக் காட்டச் சொன்னாள். காவலர் பதறி ஓடிய இடம் வந்ததும் நிமிர்ந்து, “கோட்டையில மிச்சத்த யாருமே கேக்கலையா?” என்றாள். இல்லை என்றோம். இன்னும் யாரேனும் அடுப்பருகே போனால் முகத்தை மூடிக்கொள்கிறாள். எனினும் மாகலூருக்குத் திரும்ப, நாளை புறப்படும் கலத்தில் தனக்கு இடம் கேட்டிருக்கிறாள். கொம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆழிமுனைத் துறை முத்திரை இட்டோம். அவளைப் பத்திரமாக ஏற்றுக்கொள்க.