ஐம்பத்து மூன்று வினாடி

உழவர்கரை,
18-8-2024, ஞாயிறு.

அன்புள்ள அக்கா கமலவேணிக்கு,

உன் தங்கை ஜெயம் எழுதிக்கொள்வது. நீயும் மாமாவும் மாஹேயில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

மேலே படிப்பதற்கு முன்னால், கடிதத்தோடு வந்த துணிப்பையின் வாயைப் பார். பச்சை நூலால் தைத்து, கடைசியில் மூன்று முடிச்சு போட்டிருக்கிறேன். நூல் வேறு நிறமாக இருந்தாலும் முடிச்சு குறைந்திருந்தாலும் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எனக்கு எழுது. கொண்டுவரும் அரிகிருஷ்ணன் அண்ணன் மாமாவோடு வேலை செய்கிறவர், நல்ல மனிதர்தான். ஆனால் என் கையிலிருந்து வாங்கும்போது பையைத் தூக்கிப் பார்த்து என்னவோ கேட்டார். என்ன கேட்டாரோ, நான் தலையை ஆட்டிவிட்டேன். இப்போதெல்லாம் யார் எது கேட்டாலும் தலையை ஆட்டிவிடுகிறேன். அதுவே பயமாக இருக்கிறது.

பைக்குள் இருப்பது என்னுடைய போன். அவருடைய பழைய சட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஏன் அனுப்புகிறேன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ கருமாதிக்கு வந்தபோதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசினால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. மெதுவாகப் பேசுவதாக நினைத்து உன் காதில் ஒன்று சொன்னேன், வாசலில் இருந்த பந்தல்காரர் திரும்பிப் பார்த்தார். அதனால் ரகசியம் எழுதத்தான் முடியும், பேச முடியாது.

என் இடது காது சின்ன வயதில் சீழ் வைத்து மந்தமானது உனக்குத் தெரியும். வலது காது ஒன்றை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். ஆனி மாசக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அதுவும் அடைத்துக்கொண்டு வலித்தது. என் நாத்தனார் சுலோசனா ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்கிறாள், மறுநாள் வந்து, "இன்னா அண்ணி, ரெண்டு பல்லு பூண்டு தட்டிப் போட்டு எண்ணெ காச்சி ஊத்தினா போயிடப் போவுது" என்று அவளே காய்ச்சி ஊற்றினாள். இறங்கும்போதே சுரீர் என்றது. சனிக்கிழமை காது வீங்கித் தண்ணீர் வடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குக்கர் வைத்தேன், ஆவி போகிறது, விசில் சத்தம் இல்லை. குக்கர்தான் கெட்டுப்போனது என்று நினைத்து ரப்பரைக் கழற்றிக் கழுவினேன். மகள் பூவிழி பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டாள். திரும்பிப் பார்த்தால் அவள் அழுகிறாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டு என்னைக் கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் வந்தால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தன் விரலால் அழுத்திக் காட்டிக்கொண்டே இருந்தார், நான் பதில் தெரியாத பிள்ளை மாதிரி. டாக்டரம்மா தாளில் எழுதிக் காட்டினார்கள். புண் ஆறிவிடும், நரம்புதான் அடி வாங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது, காது திடீரென்று அடைத்த அன்றைக்கே ஓடி வரணும் என்று. எண்ணெயால்தானா என்று கேட்டேன். நரம்புக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் இனிமேல் எதையும் ஊற்றாதீர்கள் என்று எழுதினார்கள். சம்பந்தம் இல்லை என்றால் ஊற்றாதே என்று ஏன் சொல்ல வேண்டும்? அந்தத் தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமைதான் அவர் போனது. இன்றோடு நாற்பது நாள்.

சேதராப்பட்டில் கம்பெனி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது, இதுதான் எல்லோரும் சொல்வது. அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கம்பெனியிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். வாயை அசைத்தார்கள். நான் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "அவரு டூட்டிக்குப் போயிருக்காரு, உக்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன் அக்கா. அவர்கள் குடிக்கவும் குடித்தார்கள். பிறகு அதில் ஒருவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதினார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. சுலோசனா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வாய் திறந்திருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் என் போனுக்குப் பேசி ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அன்றைக்குக் காலை பத்து அம்பதுக்கு. அவருக்கு எழுத வராது, முட்டை வாங்கி வை என்பதைக்கூடப் பேசித்தான் அனுப்புவார். ஐம்பத்து மூன்று வினாடி என்று போட்டிருக்கிறது. எனக்குக் காது போய் மூன்று நாள் ஆகிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் எதற்குப் பேசி அனுப்பினார்? இதைத்தான் ராவும் பகலும் நினைக்கிறேன்.

பரிதி மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் நம்பர் தேட போனை எடுத்தபோது கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுப் புறக்கடைக்குப் போய்விட்டான். அதன் பிறகு கம்பெனி வேலைக்கு வேண்டும் என்று இருபது நாள் போனைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். நீ வந்தபோதும் அவனிடம்தான் இருந்தது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "சீக்கிரம் வந்துடறேன்னு சொன்னாரும்மா" என்று நோட்டில் எழுதினான். அதற்கு ஐம்பத்து மூன்று வினாடி எதற்கு? பூவிழியைக் கேட்டேன். "வண்டிச் சத்தம்தாம்மா, ஒண்ணும் வெளங்கல" என்று எழுதினாள். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சுலோசனாவிடம் கொடுத்தேன். காதில் வைத்தாள், பாதியில் எடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று கையாலேயே காட்டினாள். ஒரே மெசேஜ், மூன்று பேருக்கு மூன்று மாதிரியா கேட்கும்?

அன்றிலிருந்து எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சுலோசனாவும் பரிதியும் வாசற்படியில் நின்று பேசுவார்கள், நான் எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு முன்னால் பேசினால்தான் என்ன, கேட்கவா போகிறது? அப்படியும் எதற்கு நிறுத்த வேண்டும்? போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது பார்த்தேன். மெசேஜ் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு வந்த போன் கால்கள் லிஸ்டில் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள்.

பேசி அனுப்பினால் போனில் கோடு கோடாக வரும், நீ பார்த்திருப்பாய். எனக்கு அது மனப்பாடம். முதலில் ரெண்டு உயரமான கோடு. அப்புறம் சின்னச் சின்னதாக நெருக்கமாகப் போகிறது. நடுவில் கொஞ்ச தூரம் வெறும் புள்ளிதான். கடைசியில் மறுபடி ஒரு உயரமான கோடு. அந்தப் புள்ளி இருக்கிற இடத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போனைத் தாடையில் வைத்துப் பார்த்தேன், பல்லால் கடித்துக்கூடப் பார்த்தேன். அதிர்கிறது. அவ்வளவுதான்.

யாராவது வெளியாளிடம் கொடுத்துக் கேட்கலாம். ஆனால் அவருடைய கடைசிப் பேச்சைக் கடைக்காரன் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டுமா? உன் போனுக்கு அனுப்பிவிடலாம் என்றால் எப்படி அனுப்புவது என்று பரிதியைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் இதையும் அழித்துவிடுவானோ என்று இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்று நினைக்காதே.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? பால் சொம்பை நான் கவிழ்த்துவிட்டு, பூனை தள்ளியது என்று சொன்னேன். அப்பா உன்னைக் கேட்டதும், "இவதாம்பா தள்ளினா" என்று சொல்லிவிட்டாய். அன்றைக்கு முதுகிலேயே குத்தினேன் உன்னை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்றைக்குப் போனை உன்னிடம் அனுப்புகிறேன்.

இனி எழுதுவதை யாரிடமும் சொல்லாதே, மாமாவிடமும்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டி என்னவோ சொன்னார், அவர்கள் சிரித்தார்கள். சோறு போடும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "இனிமே நா திட்டினா இவளுக்குக் கேக்காது, எனக்குத்தான் நஷ்டம்னு சொன்னேன்" என்று பூவிழியை நோட்டில் எழுதவைத்துக் காட்டினார். தமாஷுக்குத்தான் சொல்லியிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் ஊருக்கு நான் சிரிப்பாகிவிடுவேன், இவரே தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடையை வாசலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் இந்தப் பக்கம் வந்து நின்றார், நான் அந்தப் பக்கம் திரும்பினேன். காது கேட்காதவளுக்கு இந்த ஒரு வசதி உண்டு அக்கா, முகத்தைத் திருப்பினால் போதும், எதிராளியின் பேச்சு முடிந்தது. வண்டியை எடுக்கும்போது அவர் என்ன சொன்னாரோ தெரியாது.

பத்தரைக்கு மேல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போன் பக்கத்தில் கிடந்தது. விளக்கு எரிந்தது, அவருடைய போட்டோ வந்தது. கேட்கிறதா இல்லையா என்று சோதிக்கிறார், இல்லை, கம்பெனியில் கூட்டாளிகளுக்குக் காட்டிச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிவப்பை அழுத்திக் கட் பண்ணினேன். மறுபடி வந்தது, கட் பண்ணினேன். மூன்றாவது தடவையும் கட் பண்ணினேன். நாலாவது தடவை போனைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கீரையை உருவினேன். பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது. சுலோசனா இருந்தாள். ஓடிப்போய்க் கொடுத்திருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பார்கள். நான் கீரை உருவினேன்.

அந்த நாலு காலைத்தான் பரிதி அழித்திருக்கிறான். அவன் அதைப் பார்த்துவிட்டான். என்னைக் காப்பாற்ற அழித்தானா, என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் அழித்தானா தெரியவில்லை. எனக்கு அவன் இப்போது மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான், டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தைக் காதில் விடுகிறான். சுலோசனாவும் தினம் குழம்பு கொண்டுவந்து வைக்கிறாள். எண்ணெய் ஊற்றியதற்காகவா, அண்ணன் அந்தப் போனில் சொன்னதற்காகவா?

போனைத் திறக்க, ஒன்பது புள்ளி வரும். அதில் 'ப' எழுது, திறந்துகொள்ளும். பூவிழி பிறந்த பிறகு அவர் போட்டு வைத்தது, எந்த போன் மாற்றினாலும் அதுதான். பச்சையாக இருக்கிற பொத்தானைத் தொட்டால் மேலேயே அவர் பெயர் இருக்கும். மாமா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு கேள். ஒரு தடவை கேட்டால் போதாது, நிறுத்தி நிறுத்திக் கேள். சொன்னது சொன்னபடி எழுது. இருமினால் இருமினார் என்று எழுது. அந்தப் புள்ளி வருகிற இடத்தில் மூச்சு மட்டும் இருந்தால் மூச்சு என்று எழுது. ஏண்டி கட் பண்றே என்று கேட்டிருந்தால் அதையும் எழுது. திட்டியிருந்தால் திட்டு முழுவதையும் எழுது. என் பேரைக் கூப்பிட்டிருந்தால் எத்தனை தடவை என்று எண்ணி எழுது. எனக்கு ஆறுதல் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நீ ஆறுதல் எழுதாதே.

பதிலைப் பதிவுத் தபாலில் என் பேருக்கே போடு. தபால்காரர் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்பதால், தினமும் பதினோரு மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். போனைப் பிறகு அனுப்பு, அந்த மெசேஜை மட்டும் அழித்துவிடாதே. டாக்டரம்மா சில பேருக்குத் திரும்ப வரும் என்றுதானே எழுதினார்கள்.

உன் ரெண்டு காதும் நூறு வருஷம் நல்லா இருக்கணும் அக்கா. இந்த ஒரு தடவை அதை எனக்குக் கொடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலில் இருக்கும் தங்கை,
கோ. ஜெயம்