இரண்டு கூடைக் கருவாடு

மாப்ளே,

இன்று காலை உன் கூடையின் வாய்க்கட்டை அவிழ்த்தேன். நீ செத்துப்போனதிலிருந்து என் கடையோரம் கட்டியபடியே கிடந்த கூடை. உள்ளேயிருந்த வாளைக் கருவாட்டின் வாடை முகத்தில் அறைந்த அறையில் கலசப்பாக்கம் சந்தையே மறைந்து, அந்த மலையூர் மாட்டுக்கொட்டாய் கண்முன் வந்து நின்றது.

அப்போது நாம் பேசிக்கொள்ளாத காலம். பக்கத்துப் பக்கத்துக் கடை; போதாததற்கு என் தங்கையைக் கட்டியவன் நீ. ஆனாலும் என்னிடம் நெத்திலி கேட்டு வந்தவளிடம், "அவன்கிட்டயே வாங்கும்மா, வூடு கட்ட மணலு தனியா வாங்க வேணாம்" என்று சொன்னவன் நீ. நெத்திலியில் மணல் இருந்தது உண்மைதான். அதற்காகச் சொல்லிவிடுவதா?

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், பங்குனி. ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் காலம். கருவாட்டைக் கொடுத்துப் புளி வாங்கி வர நான் ஒரு வழியாக ஏறினேன். என்னை முந்த நீ இன்னொரு வழியாக ஏறினாய். பொழுது சாய ஒரே ஊரில் வந்து முட்டிக்கொண்டோம். விடிந்து பார்த்தால் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

ஊர்க்கவுண்டர் வந்து சொன்னார்: "திருவிழா முடியற வரைக்கும் உள்ள இருக்கிறவன் எல்லை தாண்டக் கூடாது. கவுச்சியும் ஆகாது. கூடைய இறுக்கக் கட்டிட்டு அந்தக் கொட்டாயிலயே குந்துங்க."

ஒரு கொட்டாய், இரண்டு கூடை, இரண்டு விரோதிகள். வெயில் ஏற ஏறக் கூடைகள் தங்கள் பூர்வ கதையைச் சொல்ல ஆரம்பித்தன. கருவாட்டில் சாய்ந்துகொண்டு சாமைச் சோறும் வெறுங்கீரையும் தின்ற ஜென்மங்கள் நாம் இருவர்தான். விரதக்காரர்கள்கூட நம் பக்கம் ஒரு நடை வந்து, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு போனார்கள். கவுண்டர் காவல் பார்க்கிற சாக்கில் அடிக்கடி வந்தார்.

கடைசியில் நீதான் வாய் திறந்தாய். "மச்சான், உன் தங்கச்சிக்கு நாள் நெருங்கிடுச்சி."

அதோடு சரி. மீதி எனக்குத் தெரியும். முதல் பிரசவத்தின்போது நீ சரக்கெடுக்கப் போயிருந்தாய். வண்டி கட்ட ஆளில்லாமல் பிள்ளை போயிற்று. கவுண்டரிடம் போய்க் கெஞ்சினாய். "அம்மன் பாத்துக்குவா, போய்க் குந்து" என்றார். திரும்பி வந்து, கட்டுத்தறி மாடுபோலக் கொட்டாயின் நடுக்கம்பத்தையே சுற்றினாய். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மூச்சு முட்டியது. கருவாட்டினால் அல்ல.

என் குறுக்குப் புத்தி அப்போதுதான் விழித்தது. காப்புக் கட்டிய ஊருக்குள் தீட்டுக்காரன் நிற்கக் கூடாதே! ஓடினேன். "கவுண்டரே, கீழ பாறைகிட்டருந்து எங்க ஊர் ஆளு குரல் குடுத்தான். மாப்ளைக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குதாம்!"

கவுண்டர் பின்னால் துள்ளினார். "தீட்டுடா! தொரத்துங்க அவன!"

உனக்குக் கண்ணடிக்கலாம் என்று திரும்பினால், நீ அழுதுகொண்டு நிற்கிறாய். "நெசமாவா மச்சான்? அவ நல்லாருக்காளா?" என் நெத்திலியை நம்பாதவன் இதை நம்பிவிட்டாய். செருப்பைக்கூட மாட்டாமல் மலையிறங்கி ஓடினாய்.

நானும் கூடையைத் தூக்கினேன்.

"நீ எங்க போற?" என்றார் கவுண்டர். "தாய்மாமனுக்கு இன்னா தீட்டு? குந்து."

குந்தினேன். உனக்குக் கதவைத் திறந்த பொய் என்னை உள்ளே வைத்துத் தாழ் போட்டது. கம்பத்தைச் சுற்றுவது என் முறையாயிற்று. காப்பு அவிழ்த்த பிறகுதான் இரண்டு கூடையையும் புளியாக்கி, உன் பங்கைச் சுமந்துகொண்டு இறங்கினேன்.

நீ போய்ச் சேர்ந்தபோது தங்கை நிறைவயிற்றோடு முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாளாம். என் பரம்பரையையே இழுத்து வைது முடித்தாயாம். அன்று பொழுது சாய வலி கண்டது. வண்டி கட்ட இந்த முறை நீ இருந்தாய். பெண் குழந்தை. "ஆம்பளப் புள்ளன்னியே" என்று அதற்கும் ஒரு வசவு வைத்திருந்தாய்.

அடுத்த சந்தையில் கடை விரிக்க வந்தாய். உன் சாக்கை இழுத்து என் சாக்கோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்தாய். "மணலக் கொஞ்சம் கம்மியா போடு மச்சான்" என்றாய். அவ்வளவுதான்.

இப்போது மணலே போடுவதில்லை. போட்டால் கண்டுபிடித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? இன்றிலிருந்து உன் கூடையிலும் விற்கிறேன், என் கூடையிலும் விற்கிறேன். உன் மகள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நம் சாக்கில் உட்கார்கிறாள்.

இந்தத் தடவை நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, மாப்ளே. நீயாகவே எல்லை தாண்டிப் போய்விட்டாய். என்னைத்தான் மறுபடியும் குந்த வைத்திருக்கிறார்கள், இரண்டு கூடையோடு.