சத்தம் போடாத மோட்டார்

அன்புள்ள அப்பாவுக்கு, சுடர்விழியோட வணக்கம். இருமல் தேவலையா? நாத்து நட்டாச்சா?

திருப்பூர்ல என் தையல் மெஷினோட வேகத்துக்குப் பயந்து, நானேதான் கம்பெனியில கெஞ்சி மெதுவா ஓடுற மோட்டாரா மாத்த வச்சேன். பழையது நம்ம பம்புசெட்டு மாதிரி, தைக்காதப்பவும் உறுமிக்கிட்டே கெடக்கும். புதுசு மிதிச்சாத்தான் சுத்தும். மத்த நேரம் சத்தமே இல்ல. அணைச்சிருக்குன்னு நெனச்சு நூல் கோத்தேன், கால் மிதியில பட்டுடுச்சு. ஊசி விரல்ல லேசா உரசினதுதான், பயப்படாதீங்க. ஆனா அது மெதுவா இறங்குனதைக் கண்ணால பார்த்தேன்ப்பா. இப்ப மெஷின்ல உக்காந்தாலே காலை மிதியிலேருந்து தள்ளி வச்சுக்கிறேன்.

இங்க வர்ற அன்பரசன் அண்ணன்கிட்ட அம்மாவோட நூல்சேலை ஒண்ணு குடுத்து விடுங்க. கிழிக்கத் தோதா நைஞ்சதா இருந்தா நல்லது.

போன்ல குரல் காட்டிக்குடுத்துடும்னுதான் எழுதுறேன். கம்பெனி வேன் வந்துடுச்சு. எழுத்து கோணலா இருக்குன்னு கவலப்படாதீங்க. இது இடது கை.