பட்டாணி அளவு வெள்ளை

அக்கா,

இருமல் விடவில்லை என்று இன்று மருமகள் என்னை ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். "மூச்ச இழுத்துப் புடிச்சிக்கோங்கம்மா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது உன் நினைவு வந்தது. கூடவே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும்.

திருவள்ளூரில் நமக்கு அடுத்தடுத்த வீடு. உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் காக்களூர்ப் பக்கம் ஒரே வார்ப்புப் பட்டறையில் வேலை. ஒரே புழுதியைத்தான் சுவாசித்தார்கள். பீடிகூட ஒரே கட்டிலிருந்துதான். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே வேன் பட்டறை வாசலுக்கு வந்தது. எல்லாரும் சட்டையைக் கழற்றி நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டார்கள். என்னவர் மட்டும் இல்லை. கொழுந்தனார் பிள்ளைக்கு மொட்டையடிக்க நாங்கள் பெரியபாளையம் போயிருந்தோம்.

கொஞ்ச நாளில் உன் வீட்டுக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுப் பெரிய படம் எடுத்தார்கள். நுரையீரலில் பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. காசநோய் இல்லை, புற்றுநோய்க் கட்டி என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ என் மடியில் விழுந்து அழுதாய்.

"ஒரு இருமல்கூட இல்லியேடி. நல்லாத்தானே துன்னுக்கினு இருந்தாரு!"

அன்று உன்னைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஒரு பக்கத் தோள் சரிந்துபோய் வந்தார். ஆனால் வந்துவிட்டார்.

அடுத்த வருஷம் என்னவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. "சூட்டு ஒடம்பு, வேற இன்னா?" என்றவரை நான்தான் இழுத்துப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. "முன்னாடியே ஒரு படம் எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தை பிறப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒவ்வொரு சத்தமும் என்னைச் சுட்டது. குழம்பில் உப்பில்லை என்று அவர் உன்னைத் திட்டினால், அந்தத் திட்டின்மீதுகூடப் பொறாமைப்பட்டேன். நீ என் வீட்டு வாசல்படி ஏறுமுன் தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு வருவாய். ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"பூவ வெச்சிக்கினே வாக்கா. எடுத்துட்டு வந்தா இன்னும் எரியுது."

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "எரியட்டும்டி. எம்மேலயே எரிஞ்சிக்கோ. பேசாம மட்டும் இருந்துடாத."

மறுநாள் பூவோடு வந்தாய். எனக்கு எரியத்தான் செய்தது. ஆனாலும் பேசினேன். நீ கண்ணை மூடும்வரை பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று உன் வீட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்க, "என்ன உட்டுட்டுப் பூட்டியேடி" என்று குழந்தைபோல் அழுதார். எனக்காக அப்படி அழ என்னவரும் இருந்திருக்க வேண்டியவர்தான். நானும் உடைந்து அழுதேன். "கூடப் பொறந்தவ மாரி அழுவுது பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

பாதி அழுகை உனக்காகத்தான் அக்கா. மீதி எதற்கென்று உனக்கு மட்டும்தான் தெரியும். அந்த எரிச்சல் இன்னும் அப்படியே இருக்கிறது.