ஓட்டை போடாத கூரை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அதிலும் நான் இன்று கொஞ்சம் கூடுதலாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஜெயித்துவிட்டேன்டி! கரண்ட் போனால் அப்பாவின் மூச்சு மெஷினும் நின்றுவிடுகிறது என்றுதான் சோலார் வைக்க முடிவு செய்தோம், உனக்குத் தெரியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை அந்த எடையைத் தாங்காது, துளை போட்டால் கிளம்பும் தூசு யாருக்கும் ஆகாது, அப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் கூரையையே மாற்ற வேண்டியதாயிற்று, அங்கேதான் சண்டை. அப்பாவுக்கு ஓடுதான் வேண்டும், வீடு லட்சணமாக இருக்குமாம். பேனல் மாட்டுகிறவர்கள் ஏறி மிதித்தால் உடையுமே என்றால் காதில் வாங்கவில்லை. உன் சித்தப்பாவோ சாதாரணத் தகரத்தைப் போட்டு ஸ்குரூவால் முடுக்கினால் போதும், "அண்ணி, நீங்க தையலப் பாருங்க, கூரைய நாங்க பாத்துக்கறோம்" என்றார். தையலைத்தானே பார்த்தேன்! இத்தனை வருடம் மழைக்கோட்டு தைத்தவளுக்குத் தெரியாதா, தண்ணீர் துணி வழியாக வராது, ஊசி போன ஓட்டை வழியாகத்தான் வரும். கடைக்கு நானே போனேன். அங்கே ஒரு வகைத் தகடு, ஓரங்களை ஒன்றோடொன்று மடித்துத் தூக்கிவிட்டிருந்தார்கள். பேனலின் கால்களை அந்த மடிப்பிலேயே கிளிப் போட்டுக் கவ்வ வைக்கலாம், ஓர் ஓட்டைகூட வேண்டாம். பேனலைவிட அதிகக் காலம் உழைக்குமாம், இல்லாவிட்டால் பாதியில் கூரை போய் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு வகையிலும் துண்டு வாங்கி வந்து, மழைக்கோட்டைச் சோதிக்கிற மாதிரியே அடியில் காகிதம் விரித்துத் தண்ணீர் ஊற்றினேன். ஸ்குரூ போட்டதன் கீழே காகிதம் நனைந்தது, மடித்ததன் கீழே காய்ந்தே இருந்தது. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் முடுக்கியிருக்கணும் என்றார். விட்டேனா, அவரையே முடுக்கச் சொல்லி மறுபடி ஊற்றினேன், மறுபடியும் நனைந்தது. அதற்கப்புறம் அப்பாவும் மடிப்புத் தகட்டுக்கே சம்மதித்தார், கூரையும் பேனலும் ஏறிவிட்டன.

நேற்று சாயங்காலம் பேய் மழை. தெருவே இருட்டு, நம் வீட்டில் மட்டும் பேட்டரியில் விளக்கும் எரிந்தது, மெஷினும் ஓடியது. கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. போன் சார்ஜ் போட யார் வந்தது தெரியுமா, உன் சித்தப்பாதான், குடும்பத்தோடு! அவரிடம் அப்பா, "நல்லா அலசிப் பாத்துத்தான் நாங்க இந்தத் தகட்டப் போட்டோம்" என்று அளந்தார் பார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கரண்ட் போனதும் ஆஸ்பத்திரிக்கு ஓட, கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தயாராக இருக்குமே, போன தடவை வந்தபோது நீகூட அதைப் பார்த்து அழுதாய். இன்று காலை அப்பா தானாகவே அதைப் பிரித்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் மாட்டினார். காலிப் பையை உதறி என் கையில் கொடுத்து, "இனி நீ காய்கறி வாங்க எடுத்துக்கோ" என்றார். நான் அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வீடு வாங்கப் போவதாகச் சொன்னாயே, கூரையை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

தலை நிமிர்ந்து நடக்கும்
உன் அம்மா